அப்பாவின் ஓட்டலும் என் பேலன்ஸ் ஷீட்டும்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது ஒருவர் நடுரோட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய விஷயம். அவர் செய்த தப்பு இல்லை. சொல்லப்போனால் அவர் நினைக்கிற மாதிரி அது நடக்கவே இல்லை. ஜபல்பூர் திரும்பி இத்தனை நாளாகியும் அந்தக் கைச்சூடு மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அதனால் கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் என்றால் சாமராஜநகர். மைசூரிலிருந்து அறுபது கிலோமீட்டர் சொச்சம். "அது கர்நாடகா ஆச்சே, நீங்க எப்படி தமிழ்?" என்று இங்கே பழக்கமான தமிழ்க் குடும்பங்களில் எல்லோரும் ஒரு முறையாவது கேட்டிருக்கிறார்கள். பதில் ரொம்ப சிம்பிள். எங்கள் அப்பாரு (கோபிப் பக்கம் அப்பாவைப் பெற்ற தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மஞ்சள் வியாபாரிகளோடு சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதை ஏறி வந்தவர். 27 கொண்டை ஊசி வளைவு. அந்தக் காலத்தில் மேலே ஏறினால் வேறு தேசம் என்றெல்லாம் யாரும் நினைக்கவில்லை. பக்கத்துக் கொள்ளேகால் தாலுகாவே அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1ம் தேதி மொழிவாரியாகப் பிரித்தபோதுதான் அது மைசூர் பக்கம் போனது. சாமராஜநகர் மட்டும் எப்போதுமே மகாராஜா சீமை. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் தன் அப்பா பிறந்த ஊர் என்பதால் அந்தப் பெயரை வைத்து, 1826ல் சாமராஜேஸ்வரர் கோயிலும் கட்டினார்.

அப்பாரு முதலில் டீக்கடை போட்டார். பிறகு பெஞ்சு போட்டு இட்லி. பிறகு மார்க்கெட் பக்கம் ஒரு ஓட்டுக் கட்டடம் சல்லிசாக வந்தது, வாங்கிவிட்டார். அப்பா காலத்தில் அது எட்டு மேஜை ஓட்டல். லைசென்ஸில் ஏதோ ஒரு சாமி பெயர் இருந்தது, ஊரில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. "தமிழர ஹோட்டலு". அவ்வளவுதான்.

தமிழர் ஓட்டல் என்று பெயரே தவிர அங்கே போட்ட சாம்பாரில் வெல்லம் இருந்தது. வெல்லம் இல்லாவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார்கள். காலையில் ஒரு பெரிய அண்டா நிறையக் கடைச் சாம்பார், வீட்டுக்கு மட்டும் தனியாக ஒரு சின்னக் குண்டானில் வெல்லம் போடாத சாம்பார். அம்மா இரண்டையும் ஒரே நேரத்தில் இறக்குவார். நானும் தங்கையும் வீட்டுச் சாம்பாரை விட்டுவிட்டுக் கடைச் சாம்பாருக்கு அடித்துக்கொள்வோம் என்பது வேறு கதை.

மற்றபடி இட்லி, செட் தோசை, மசால் தோசை, காராபாத், மத்தியானம் சாப்பாடு. சிவப்புச் சட்னி தடவிய மசால் தோசை அம்மாவின் கைவேலை. சரக்கு மாஸ்டர் ஒருத்தர் இருந்தார். ஆனால் சட்னியும் சாம்பார் பொடியும் அம்மா கையை விட்டுப் போகவில்லை. விடியற்காலை மூன்றரைக்கு எழுந்திருப்பார். அப்பா அடுப்பு பற்றவைக்கும்போது அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருப்பார். இரவு பத்தரைக்குக் கடையைக் கழுவி விட்டால் அன்றைய நாள் முடிந்தது. தேர், தீபாவளி, எங்கள் பரீட்சை, எதற்கும் லீவு கிடையாது.

வந்து போகிற கூட்டம் பலவிதம். பட்டுக்கூடு விற்க வந்த விவசாயிகள், கருங்கல் குவாரி லாரிக்காரர்கள், மைசூரிலிருந்து வரும் மீட்டர் கேஜ் ரயிலில் இறங்கும் ஆபீஸ்காரர்கள். நஞ்சன்கூடு வழியாக வரும் அந்த லைன் எங்கள் ஊரோடு முடிந்துவிடும். சத்தியமங்கலம் வழியாக மேட்டுப்பாளையம் வரை நீட்டப்போகிறார்கள் என்று அப்பாரு காலத்திலிருந்து பேச்சு. இன்றைக்கும் எங்கள் ஊரோடுதான் முடிகிறது. அப்புறம் 'பை டூ' பார்ட்டிகள். ஒரு காபி வாங்கி இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் அரசியல் பேசுபவர்கள். முதலமைச்சராக இருப்பவர் சாமராஜநகருக்குக் கால் வைத்தால் நாற்காலி போய்விடும் என்ற புகழ்பெற்ற நம்பிக்கையை உலகத்துக்குக் காப்பாற்றிக் கொடுத்ததில் எங்கள் பை டூ பெஞ்சுக்கும் பங்கு உண்டு. 1988ல் ஹெக்டே, 1989ல் பொம்மை, 1990ல் வீரேந்திர பாட்டீல் என்று விரல் விட்டு எண்ணுவார்கள். (2013ல் சித்தராமையா தைரியமாக வந்தார். ஐந்து வருடமும் முழுசாக ஓட்டினார். பெஞ்சு அப்போது இல்லை.)

அந்தப் பெஞ்சின் நிரந்தர ஆசாமி ஒருவர் உண்டு. ரிட்டயர்டு கன்னட வாத்தியார். ஊரே 'மேஷ்ட்ரு' என்று கூப்பிடும், நாங்களும் அப்படித்தான். மாதப் பற்று வைத்துச் சாப்பிட்டு, பென்ஷன் வந்ததும் கணக்கு முடிப்பவர். அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிக் கலவரம் வெடித்தபோது, பெங்களூர்ச் செய்திகளைக் கேட்டு அப்பா நடுங்கிப்போய்விட்டார். போர்டில் கன்னடத்துக்குக் கீழே சின்னதாக இருந்த தமிழ் எழுத்தின் மேல் இரவோடு இரவாக வெள்ளை பெயின்ட் அடித்தார். எனக்கு அப்போது 12 வயசு, ஏணியைப் பிடித்துக்கொண்டது நான்தான். மறுநாள் காலை மேஷ்ட்ரு வந்தார். போர்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். இரண்டு நாள் காலையிலிருந்து இருட்டும் வரை அதே பெஞ்சு. எங்கள் கடை மேல் ஒரு கல் விழவில்லை. கல் எறிய யாராவது வந்தார்களா என்று எனக்குத் தெரியாது. வந்திருந்தாலும் அவர்களில் பாதிப்பேர் மேஷ்ட்ருவிடம் படித்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

1997ல் சாமராஜநகர் தனி மாவட்டமானது. எல்லோருக்கும் சந்தோஷம், அப்பாவுக்கு ரொம்பவே. மாவட்டத் தலைநகர் என்றால் ஆபீஸ்கள் வரும், ஆபீஸ் வந்தால் இட்லி விற்கும் என்பது அவர் கணக்கு. அது சரியாகத்தான் இருந்தது, விற்பனை ஏறியது. அதைவிட வேகமாக ஏறியது வாடகை. ஆயிரம் ரூபாய் போன கட்டடங்களை மூவாயிரம், நாலாயிரம் என்று கேட்டார்கள். எங்களுக்குச் சொந்தக் கட்டடம், நமக்கென்ன என்று அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

இங்கேதான் நான் உள்ளே வருகிறேன்.

2000 ஏப்ரலில் பி.காம். கடைசி வருடப் பரீட்சை முடிந்தது. காஸ்ட் அக்கவுண்டிங் எனக்குப் பிடித்த பேப்பர். தலை நிறையப் படிப்பு, கை நிறைய நேரம். ஓட்டலின் மூன்று வருட நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு முறையான கணக்கு போட்டேன். அப்பாவின் கணக்கு முறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சாயங்காலம் கல்லாப்பெட்டியில் இருப்பது வரவு. மறுநாள் காலை மளிகைக்கும் பாலுக்கும் கொடுத்தது போக மிச்சம் இருந்தால் லாபம். 22 வருடம் இப்படித்தான் ஓடியது.

என் கணக்கு இப்படி வந்தது. ஒரு நாளைக்குச் சராசரி 1,800 ரூபாய் விற்பனை, மாதம் 54,000. அரிசி, உளுந்து, எண்ணெய், காய்கறி 27,000. பால் 5,500. விறகு, கேஸ் 4,500. மாஸ்டரையும் சப்ளையர்களையும் சேர்த்துச் சம்பளம் 6,800. கரண்ட், தண்ணீர், சில்லறைச் செலவு 1,700. மிச்சம் 8,500. இதைத்தான் அப்பா லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நான் கீழே இன்னொரு கோடு போட்டேன். கட்டடத்தை வெளியே விட்டால் வரக்கூடிய வாடகை 4,000. அப்பா செய்யும் மேனேஜர் வேலைக்கு 4,000. சாயங்காலம் வந்து கல்லாவில் உட்காரும் சித்தப்பாவுக்கு 2,000. அம்மாவுக்கு, மாஸ்டருக்குக் கொடுக்கும் அதே 3,000. மொத்தம் 13,000. ஆக, மாதம் 4,500 ரூபாய் நஷ்டம். தேய்மானம் கணக்கிலேயே இல்லை.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"இந்த 13,000 யாருக்குக் குடுக்கறோம் கண்ணு?"

"யாருக்கும் குடுக்கறதில்லீங்கப்பா. குடுத்திருக்கோணும்."

"குடுக்காதது எப்படிச் செலவாகும்?"

நான் ஆப்பர்ச்சுனிட்டி காஸ்ட் பற்றி ஒரு பிரசங்கம் வைத்தேன். அவர் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அன்று ராத்திரி அம்மா கேட்டார். "என்னமோ எனக்குச் சம்பளம் எழுதியிருக்கியாமே?" சொன்னேன். மூவாயிரமா என்று ஆச்சரியப்பட்டார். கொஞ்ச நேரம் கால் முட்டியைத் தேய்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அப்புறம், "இத்தனை வருசத்துக்கும் சேர்த்தா எவ்வளவு ஆச்சு?" என்றார். 1978ல் கல்யாணமாகி வந்தவருக்கு 2000 வருடச் சம்பளத்தைப் போட்டுப் பெருக்குவது தப்பு என்று பரீட்சையில் எழுதினால் மார்க் கிடைக்கும். ஆனாலும் பெருக்கிச் சொன்னேன். ஏழு லட்சத்து 92 ஆயிரம்.

அம்மா சிரித்தார். சிரித்துவிட்டுப் பக்கத்து அறையில் படுத்திருந்த அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி, "ஏனுங்க, கேட்டுச்சுங்களா? எனக்கு நீங்க எட்டு லட்சம் பாக்கி" என்றார். அப்பாவிடமிருந்து சத்தமே இல்லை. "எனக்குப் பணமெல்லாம் வேண்டாமுங்க. கடையைச் சாத்திப்போடுங்க, நான் ஆறு மணி வரைக்கும் தூங்கோணும்." இதையும் அதே சிரிப்போடுதான் சொன்னார். 22 வருடத்தில் அம்மா அப்பாவிடம் கேட்டு நான் பார்த்த ஒரே விஷயம் அதுதான்.

ஜூலையில் ஆஷாட மாதத் தேர் வந்தது. ஆஷாடத்தில் புது மாப்பிள்ளை பெண்களைப் பிரித்து வைப்பார்கள் இல்லையா, எங்கள் ஊர்த் தேருக்கு மட்டும் ஜோடியாக வருவார்கள். கடையில் நிற்க இடமிருக்காது. அம்மா முட்டியில் துணியைக் கட்டிக்கொண்டு தோசைக் கல்லின் முன் நின்றார். கூட்டம் முடிந்த இரவு அப்பா கல்லாவை எண்ணாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது.

அந்த மாதம் 30ம் தேதி ராத்திரி தாளவாடிப் பக்கம் தொட்ட காஜனூரில் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திக்கொண்டு போனான். காஜனூர் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும் தூரம். கன்னடத்தின் மிகப்பெரிய நடிகரின் சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது, கடத்தியவன் தமிழ் பேசுகிறவன். அந்த நாட்களில் கர்நாடகாவில் தமிழர்களாக இருந்தவர்களுக்கு மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. கடையடைப்பு, பஸ் இல்லை, சினிமா தியேட்டர்கள் மூடல். நாங்களும் ஒரு வாரம் கதவைத் திறக்கவில்லை. வீட்டுக்குள்ளேகூடக் குரலைத் தாழ்த்திப் பேசினோம். மேஷ்ட்ரு கண் ஆபரேஷனுக்காக மைசூரில் இருந்தார், பெஞ்சு காலியாக இருந்தது.

எட்டாவது நாள் அப்பா பயந்து பயந்து ஒரு பலகையை மட்டும் எடுத்தார். பத்து நிமிஷத்தில் கடை நிறைந்துவிட்டது! போலீஸ்காரர்கள், டிவிக்காரர்கள், பேப்பர்காரர்கள். காட்டுப்பக்கம் போகிற வருகிற எல்லோருக்கும் எங்கள் ஊரில்தான் சாப்பாடு. ராஜ்குமார் 108 நாள் காட்டில் இருந்துவிட்டு நவம்பர் 15ம் தேதி வெளியே வந்தார். அந்த மூன்று மாதமும் எங்கள் கல்லாப்பெட்டி அதன் ஆயுளில் பார்க்காத வசூலைப் பார்த்தது. என் கணக்குப்படி, அம்மா சம்பளத்தையும் சேர்த்தே, லாபம். நான் வாயைத் திறக்கவில்லை. அப்பாவும் நோட்டைக் காட்டவில்லை.

டிசம்பரில் ஒரு நாள் அப்பா டிவி, ஃபிரிஜ் விற்கும் ஒருவருக்குக் கட்டடத்தை வாடகைக்குப் பேசி முடித்துவிட்டு வந்தார். மாதம் 6,500. நான் எழுதியதைவிட 2,500 கூட. அட்வான்ஸை அம்மா கையில் கொடுத்தார். அவ்வளவுதான் சம்பிரதாயம்.

2001 ஜனவரி 14, சங்கராந்தி, ஞாயிற்றுக்கிழமை. கடைசி நாள். எங்கள் ஊர் வழக்கப்படி வந்தவர்களுக்கெல்லாம் எள்ளு பெல்லா கொடுத்தோம். எள், வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை எல்லாம் சேர்த்துப் பொட்டலம். அதைத் தின்றுவிட்டு நல்ல வார்த்தை பேச வேண்டும் என்பது ஐதீகம். பதினோரு மணிக்கு மாவு தீர்ந்துவிட்டது, அப்பா அடுப்பை அணைத்துவிட்டார். மேஷ்ட்ரு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பேரனைப் பிடித்தபடி வந்தார். அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். பெரிய மனுஷர் அழுது நான் அப்போதுதான் முதல் தடவை பார்த்தேன். "நான் ஊரில் இல்லாமல் போய்விட்டேன். இருந்திருந்தால் உங்களைப் பயப்பட விட்டிருக்க மாட்டேன்" என்று கன்னடத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஊரே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது. அப்பா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எள்ளு பெல்லா பொட்டலத்தை அவர் கையில் வைத்து மூடினார்.

அன்று ராத்திரி கேட்டேன், "ஏனுங்கப்பா, நிஜத்தைச் சொல்லியிருக்கலாமல்ல?"

"என்னன்னு சொல்லச் சொல்றே கண்ணு? பொண்டாட்டிக்குச் சம்பளம் குடுக்க முடியல, அதனால சாத்தறேன்னா?"

பற்று நோட்டில் வரவேண்டியது பதினோராயிரம் சொச்சம் இருந்தது. பாதிப்பேர் தாங்களாகவே வந்து கொடுத்தார்கள். மீதியை அப்பா கேட்கவில்லை, என்னையும் கேட்க விடவில்லை. பித்தளை காபி ஃபில்டரை நஞ்சன்கூட்டுக்காரர் ஒருவர் எடைக்கு எடுத்துக்கொண்டார். தோசைக்கல்லை மாஸ்டர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார், பிறகு குண்டல்பேட்டில் வண்டிக்கடை போட்டதாகக் கேள்வி.

அப்பா அதற்கப்புறமும் மூன்றரைக்கே எழுந்தார். எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் உட்கார்ந்திருப்பார். அம்மா ஆறு மணிக்கு, சில நாள் ஆறரைக்கு. சத்தம் போடாமல் தானே காபி போட்டுக் குடித்துவிட்டு, அம்மாவுக்கும் ஒரு டம்ளர் மூடி வைப்பார். 2014ல் அவர் போகும் வரை அந்தக் காபி நிற்கவில்லை. கட்டடத்தை விற்றுத் தங்கை கல்யாணம் நடந்தது. இப்போது அங்கே கீழே மருந்துக் கடை, மேலே ட்யூஷன் சென்டர்.

நான் பேங்கில் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எத்தனையோ ஓட்டல் கடன் விண்ணப்பங்கள் என் மேஜைக்கு வந்துவிட்டன. முத்ரா வந்த 2015க்குப் பிறகு இன்னும் அதிகம். ஒரு விஷயம் சொன்னால் சிரிப்பீர்கள். இந்த மாதிரிச் சின்னக் கடனுக்கு நான் பார்க்கும் கணக்கில், முதலாளி குடும்பத்தின் உழைப்புக்குச் சம்பளம் என்று ஒரு வரி கிடையாது. வீட்டுச் செலவுக்கு எடுப்பது போகத் தவணை கட்ட மிஞ்சுமா என்றுதான் பார்க்கிறேன். மாதம் 8,500 மிஞ்சுகிற, சொந்தக் கட்டடத்தில் நடக்கிற, ஐம்பது வருடத்துக் கிட்ட ஆன ஓட்டல் இன்றைக்கு என் முன்னால் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவேன். அப்பாவின் கணக்குதான் பேங்க் கணக்கு. போன வருடம் இங்கே ஒரு தம்பதி டிபன் கடைக்குக் கடன் கேட்டு வந்தார்கள். அந்தம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்று கேட்டேன். இந்தக் கேள்வி எந்த ஃபாரத்திலும் இல்லை. அவர் கணவரைத்தான் திரும்பிப் பார்த்தார். கடனைக் கொடுத்தேன், ஒழுங்காகக் கட்டுகிறார்கள்.

ஓட்டலுக்கும் பேங்குக்கும் எங்கள் மாநிலத்தில் பழைய உறவு உண்டு. உடுப்பியில் 1925ல் ஆரம்பித்த சிண்டிகேட் பேங்க்தான் 1928ல் பிக்மி டெபாசிட் கொண்டுவந்தது. ஏஜென்ட் தினமும் கடைக்கே வந்து இரண்டணா, நாலணா என்று வாங்கிப் போவார். எங்கள் கடைக்கும் ஒரு பிக்மி ஏஜென்ட் வருவார், அவருக்குக் காபி இலவசம். என் காலேஜ் ஃபீஸ் அந்தச் சில்லறைதான். அந்த பேங்கே 2020ல் கனரா பேங்கோடு கலந்துவிட்டது. மைசூர் ஸ்டேட் பேங்க் 2017ல், விஜயா பேங்க் 2019ல். சின்ன வயதில் எங்கள் ஊர்த் தெருவில் பார்த்த போர்டுகளில் முக்கால்வாசி இன்றைக்கு இல்லை. அவற்றுக்காக யாரும் யாரிடமும் அழுது பார்க்கவில்லை. மல்லேஸ்வரத்து நியூ கிருஷ்ண பவன் 2022 டிசம்பரில் சாத்தியபோது பெங்களூரே புலம்பியது, 1954லிருந்து நடந்த கடை. சென்னையில் உட்லண்ட்ஸ் டிரைவ் இன் 1962லிருந்து நடந்து 2008ல் மூடியதற்கு இன்னமும் பெருமூச்சு விடுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. அந்த இடம் இப்போது செம்மொழிப் பூங்கா. இப்படி எந்தக் கடை மூடினாலும் மசால் தோசை போச்சே என்று நாம் எழுதுகிறோம். உள்ளே மாவு ஆட்டியவர் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாரா என்று எழுதி நான் படித்ததில்லை. நானும் இத்தனை வருடம் எழுதவில்லைதான்.

சரி, போன மாதத்துக்கு வருகிறேன். பழைய நிலப் பட்டா வேலையாகப் போயிருந்தேன். கோயம்புத்தூரில் இறங்கி, வாடகைக் காரில் சத்தியமங்கலம் வழி. 2022லிருந்து திம்பத்தில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை, ஒன்பது மணிக்கு மேல் கார்கூட ஏற முடியாது, அதனால் வெளிச்சத்திலேயே ஏறிவிட்டோம். மறுநாள் காலை மருந்துக் கடை முன்னால் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் வந்தார். மேஷ்ட்ருவின் மகன். அவருக்கே இப்போது அறுபது தாண்டியிருக்கும். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பா சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். தமிழர் ஓட்டலை நாங்கள் காப்பாற்றாமல் விட்டுவிட்டோம் என்று. அவர் சார்பாக நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்" என்றார்.

துருப்பிடித்த என் கன்னடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். யாருக்கும் பயந்து மூடவில்லை, அந்த மூன்று மாதம்தான் நல்ல வியாபாரம், அம்மாவுக்கு முட்டி வலி, கணக்கு கட்டவில்லை, நான்தான் கணக்கு போட்டேன் என்று சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டார். என் தோளைத் தட்டினார். "உங்கப்பா மாதிரியே நீங்களும். எங்கள் மனசு கஷ்டப்படக் கூடாது என்றுதானே இப்படிச் சொல்கிறீர்கள்?" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொன்னாலும் எடுபடாது என்று தெரிந்துவிட்டது. பக்கத்துக் கடையில் பை டூ சொன்னார். குடித்தோம். காசை அவர்தான் கொடுத்தார்.

ஜபல்பூர் வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். இப்போது எங்களோடுதான் இருக்கிறார். மாவு ஆட்டுவதில்லை, கடையில் பாக்கெட் மாவு வாங்கி வரச் சொல்வார். காலை ஏழு மணிக்கு முன் எழுப்பக் கூடாது. மேஷ்ட்ரு மகன் மன்னிப்புக் கேட்டதையும் நான் சொன்னதை அவர் நம்பாததையும் முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"அது கிடக்கட்டும் கண்ணு. அவங்கப்பா கடைசி மாசப் பத்து, 212 ரூபா, அழுத அழுகையில குடுக்காமயே போயிட்டாரு. அதைக் கேட்டியா?"